தனியாக ஆடும் கேமுக்கு எதற்கு இணையம்?

காசு கொடுத்து வாங்கி, தனியாக ஆடும் பிசி கேம் நெட் போனால் ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். திருட்டுப் பிரதி பயம்தான் முக்கியக் காரணம். காசு கொடுத்து வாங்கியதுதானா என்று சரிபார்க்க, கேம் ஓடும்போதே நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பில் இருந்தாக வேண்டும். 2010-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் அசாசின்ஸ் கிரீட் 2 கேமில் இதைச் செய்தது. மார்ச்சில் சர்வர்கள் தாக்கப்பட்டபோது காசு கொடுத்தவர்களே ஆட முடியாமல் தவித்தார்கள்.

2013-இல் வந்த சிம்சிட்டி கேமின் கூத்து இன்னும் பெரியது. நகரம் கட்ட வந்தவர்கள் முதல் வாரம் சர்வர் வரிசையில் நின்றார்கள். சுமையைக் குறைக்க, ஆட்டத்தில் இருந்த சீட்டா என்ற அதிவேக வசதியையே, கேமை வெளியிட்ட ஈஏ நிறுவனம் தற்காலிகமாக நிறுத்தியது. கணக்கீடுகள் சர்வரில் நடப்பதால் ஆஃப்லைன் சாத்தியமில்லை என்றார்கள். சரி, 2014 மார்ச்சில் ஆஃப்லைன் வசதி வந்ததே, அது எப்படி? ஆட்டக்காரர்களுக்குக் கோபம் வந்தது அந்தச் சமாதானத்தால்தான், வரிசையைக்கூடப் பொறுத்திருப்பார்கள்.