பிட்ச் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: 2024-ல் டி20 உலகக் கோப்பையைத் தூக்கிய சூட்டோடு இலங்கை போன நம் அணி, ஒருநாள் தொடரை 0-2 என்று இழந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. கொழும்பு பிட்ச் அப்படி இருந்தால் நம் ஆட்கள்தான் என்ன செய்வார்கள்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: பிட்ச்! ஜெயித்தால் வீரம், தோற்றால் பிட்ச். அந்த இருபத்திரண்டு கஜ மண்ணுக்கு மட்டும் வாய் இருந்தால் நம் ரசிகர்கள் மேல் மானநஷ்ட வழக்கு போட்டிருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். மூன்று ஆட்டமும் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் (முதலாவது சமனில் முடிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்). மூன்றிலும் இலங்கை முதலில் பேட் செய்தது. காய்ந்த ஆடுகளத்தில் இரண்டாவது இன்னிங்ஸில் பந்து கூடுதலாகத் திரும்பும், சரி. ஆனால் துரத்த வேண்டியது என்ன? 231, 241, 249. முதல் ஆட்டத்தில் ரோகித்தும் கில்லும் விக்கெட் விழாமல் 75 சேர்த்தார்கள். இரண்டாவதில் 13.3 ஓவரில் 97. அப்போது மிச்சம் 219 பந்தில் 144 ரன். ஓவருக்கு நான்குகூடத் தேவையில்லை. சிங்கிள் தட்டிக்கொண்டே போயிருந்தால் ஜெயித்திருக்கலாம். ஆனால் 208-க்கு ஆல் அவுட். முதல் ஆறு விக்கெட்டும் சுழலர் ஜெஃப்ரி வான்டர்சேக்கு, 33 ரன் கொடுத்து. அவர் முதன்மைச் சுழலர் ஹசரங்க காயம்பட்டதால் உள்ளே வந்தவர். வேகப்பந்து வீச்சாளர்கள் பதிரனவும் மதுஷங்கவும் ஏற்கெனவே காயத்தில் இருந்தார்கள். முழு பலத்தோடு வந்த அணியிடம் நாம் தோற்கவில்லை.

மூன்று ஆட்டத்திலும் சுழலுக்கு ஒன்பது ஒன்பதாக மொத்தம் 27 விக்கெட். மூன்று ஆட்ட ஒருநாள் தொடரில் அதுவரை எந்த அணியும் இவ்வளவு கொடுத்ததில்லை. எச்சரிக்கை இல்லாமலா நடந்தது? 2023 செப்டம்பர் 12, ஆசியக் கோப்பை, இதே மைதானம், இதே இலங்கைச் சுழலர் துனித் வெல்லாலகே. நாம் 213-க்கு ஆல் அவுட், பத்து விக்கெட்டும் சுழலுக்கு. அன்று 41 ரன்னில் ஜெயித்துவிட்டோம், அதனால் யாரும் அந்த ஸ்கோர் அட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு மாதம் கழித்து வெல்லாலகே 27 ரன்னுக்கு 5 எடுத்தார், நாம் 26.1 ஓவரில் 138.

தவறு எங்கே என்றால் காலில். மெதுவான, காய்ந்த பிட்ச்சில் ஒரு பந்து மண்ணைப் பிடித்துத் திரும்பும், அடுத்த பந்து அதே இடத்தில் குத்தி வழுக்கிக்கொண்டு நேராக வரும். வீசுகிறவருக்கே எது எப்படிப் போகும் என்று முழுசாகத் தெரியாது. ஆளைக் கொல்வது திரும்பாத பந்துதான். முன்காலைப் பந்தின் கோட்டிலேயே குறுக்கே நட்டுவிட்டால் மட்டை காலைச் சுற்றி வர வேண்டியிருக்கும். அதற்குள் பந்து காலில் பட்டிருக்கும். கோலி மூன்று ஆட்டத்திலும் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்து அவுட்): ஹசரங்க, வான்டர்சே, வெல்லாலகே. எடுத்தது 24, 14, 20. மருந்து பழையதுதான். முன்கால் கொஞ்சம் லெக் பக்கம் ஒதுங்க வேண்டும், மட்டை காலுக்கு முன்னால் வர வேண்டும். போனால் பந்து குத்தும் இடம்வரை போக வேண்டும், இல்லையென்றால் கிரீஸுக்குள் நன்றாகப் பின்னால் போய் பந்து திரும்பி முடித்த பிறகு ஆட வேண்டும். பாதி முன்னால் வந்து நின்றால் இரண்டும் கெட்டான். ஸ்வீப் ஆடுகிறவர் ஸ்டம்ப் நேரே குத்தும் பந்தை விட்டுவிட்டு, லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே குத்தினால் எல்பிடபிள்யூவே கிடையாது. 11 முதல் 40-வது ஓவர் வரை உள்வட்டத்துக்கு வெளியே நான்கு ஃபீல்டர்கள்தான் நிற்க முடியும். லாங் ஆன், லாங் ஆஃப் பக்கம் மெதுவாகத் தட்டினால் ஒன்று நிச்சயம். ஐ.பி.எல்லில் ஒரு சுழலரின் நான்கு ஓவரைத் தாண்டினால் போதும். இங்கே பத்து ஓவர் அவரே வருவார். அந்தப் பொறுமை பயிற்சியில்தான் வரும், அந்தப் பயிற்சி நம் உள்நாட்டு ஒருநாள் போட்டியான விஜய் ஹசாரே கோப்பையில் கிடைக்கும். நம் பெரிய தலைகள் எத்தனை பேர் அங்கே முழு சீசன் ஆடுகிறார்கள்?

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் நாலாம் நம்பர். முதல் ஆட்டத்தில் அந்த இடத்தில் வாஷிங்டன் சுந்தர், 5 ரன். இரண்டாவதில் சிவம் துபே, 0. மூன்றாவதில் ரிஷப் பந்த், 6. மூன்று ஆட்டம், மூன்று ஆள், பதினொரு ரன். 2023 உலகக் கோப்பையில் அதே நாலாம் இடத்தில் 530 ரன் குவித்த ஷ்ரேயஸ் ஐயர் ஓய்வறையில் பேடு கட்டிக்கொண்டு காத்திருந்தார். எல்லாம் ஒரு இடக்கை, ஒரு வலக்கை ஆட்டக்காரர் சேர்ந்து ஆட வேண்டும் என்ற இடது-வலது ஜோடி மோகம். இரண்டாவது ஆட்டத்தில் ராகுல் ஏழாவதாக வந்து 0, அடுத்த ஆட்டத்தில் ஆளே இல்லை. கம்பீர் தலைமைப் பயிற்சியாளராக வந்து ஆடிய முதல் ஒருநாள் தொடர் அது, அந்த ஆண்டில் நாம் ஆடிய ஒருநாள் ஆட்டங்களே அந்த மூன்றுதான். சோதனை செய்து பார்க்க அதுவா நேரம்? 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் துபாயின் மெதுவான ஆடுகளங்களில் ஷ்ரேயஸ் நான்கு, அக்ஷர் ஐந்து, ராகுல் ஆறு என்று ஆணி அடித்தாற்போல் நிறுத்தினார்கள். ஷ்ரேயஸ் 243 ரன், நம் அணியில் அவர்தான் அதிகம். கோப்பை வந்தது. தன் வேலை என்ன என்று தெரிந்தவன் சுழலுக்குப் பயப்படுவதில்லை.

இலங்கையைப் பற்றியும் பேசுங்கள். முதல் ஆட்டத்தில் 101-க்கு 5 என்று கிடந்தவர்களை வெல்லாலகே ஆட்டமிழக்காமல் 67 அடித்து 230-க்குக் கொண்டுபோனார். இரண்டாவதில் அவர் 39, கமிந்து மெண்டிஸ் 40. அதே பிட்ச்தான், அதே மண்தான். பின்வரிசை ரன் எடுத்துத் தந்தது. 1997-க்குப் பிறகு நமக்கெதிராக அவர்கள் ஜெயித்த முதல் ஒருநாள் தொடர் இது. அந்த 1997 ஆகஸ்டில் இதே பிரேமதாசவில் டெஸ்ட்டில் 952-க்கு 6 அடித்தார்கள், அதில் 340 ஜெயசூரிய. 2024-ல் அவர்தான் இலங்கைப் பயிற்சியாளர். அன்று பந்து பொறுக்கியே ஓய்ந்தவர்கள் யாரும் பிட்ச்சைப் பாராட்டியதாக நினைவில்லை!

இன்னும் பிட்ச் என்கிறீர்களா? இலங்கையை விட்டு வீட்டுக்கு வருவோம். அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் நியூசிலாந்து இங்கே வந்து டெஸ்ட் தொடரை 3-0 என்று வென்றது. புனேயில் சான்ட்னர் 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேல் 11. அந்த இரண்டு ஆடுகளங்களும் நமக்காக நாமே போட்டவை.

இனிமேல் காய்ந்த மண்ணில் துரத்துவது இன்னும் கடினம். 2011 முதல் ஒருநாள் ஆட்டத்தில் இரண்டு முனைக்கும் இரண்டு புதுப் பந்து. எந்தப் பந்தும் 25 ஓவருக்கு மேல் பழசாகாது. ரிவர்ஸ் ஸ்விங்கை, அதாவது பழைய பந்து எதிர்ப்பக்கம் வளைவதை, கொன்ற விதி இது என்று இந்தப் பக்கத்தில் கரடியாகக் கத்தியிருக்கிறேன். 2025 ஜூலையில் ஐ.சி.சி. பாதி இறங்கி வந்தது: 34 ஓவர் வரை இரண்டு பந்து, அதன்பின் பந்து வீசும் அணி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை வீச வேண்டும். 17 ஓவர் தேய்ந்த பந்து மேலும் 16 ஓவர் தேய்ந்து 33 ஓவர்ப் பந்தாக முடியும். மென்மையான பந்து மட்டைக்கு வராது, தூக்கி அடித்தால் எல்லைக்கோட்டில் கேட்ச். எனவே 34-வது ஓவருக்குள் தேவையை ஓவருக்கு ஐந்துக்குக் கீழே வைத்துக்கொள்ளாத அணி காய்ந்த மண்ணில் துரத்த முடியாது.

நீங்கள் கோபப்பட வேண்டிய விஷயத்தைக் கேட்கவே இல்லை. முதல் ஆட்டத்தில் ஸ்கோர் சமம், வேண்டியது ஒரு ரன், கையில் இரண்டு விக்கெட். இலங்கை கேப்டனாக இருந்த அசலங்க அடுத்தடுத்த பந்துகளில் துபேயையும் அர்ஷ்தீப்பையும் எல்பிடபிள்யூ செய்தார், 13 பந்து மிச்சம். 230-க்கு 230. இரண்டு அணியும் கை குலுக்கிவிட்டுப் போய்விட்டன. சமனை உடைக்க ஆளுக்கு ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவர் ஏன் நடக்கவில்லை என்று கேளுங்கள், அந்தக் கேள்விக்கு இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன்.