மண்வெட்டியும் பால் கிண்ணமும்

அன்புள்ள சார்,

நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரின் வடக்கு ஓரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் மதிலைத் தாண்டினால் பாலைவனம்தான். சென்ற மாதம் ஒரு சாயங்காலம் கராஜ் கதவுக்குப் பக்கத்தில் ராட்டில்ஸ்நேக் ஒன்று சுருண்டு கிடந்தது. மண்வெட்டியை எடுத்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மையார் ஓடிவந்து தடுத்தார். எழுபது வயதிருக்கும் அவருக்கு. யாருக்கோ போன் செய்தார். அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து நீண்ட இடுக்கியால் அதைப் பிடித்து, வாளியில் போட்டு மூடி, கொண்டுபோய் விட்டுவிட்டார். விட்ட இடம் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்! "நமக்கு முன்னால் இங்கே இருந்தது அதுதானே" என்றார் அந்த அம்மையார்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. என் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன என் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவனிடம் பாம்புக்காகப் பரிந்து பேசுவது வசதியானவர்களின் பாசாங்கு இல்லையா? ஜூலையில் அம்மா வருகிறார். விஷயத்தைச் சொன்னேன். "அடிச்சுடாதடா, நான் வந்து பால் வைக்கிறேன்" என்கிறார். கொழுந்தனைப் பறிகொடுத்த அதே அம்மா! நான் யார் பேச்சைக் கேட்பது?

முரளி


அன்புள்ள முரளி,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து மக்கள், வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேர் விஷப்பாம்பிடம் கடிபடுகிறார்கள், சாவது 5 பேர் அளவில். உங்கள் எதிர்வீட்டு அம்மையாரின் இரக்கத்துக்கு அடியில் தார்ச்சாலை, தெருவிளக்கு, ஷூ, 911 என்ற அவசர எண், பக்கத்து மருத்துவமனையில் தயாராக இருக்கும் விஷமுறி மருந்து எல்லாம் இருக்கின்றன. (அந்த மருந்துக்கு வரும் பில்லைப் பார்த்து நெஞ்சுவலி வந்தால் அது தனிக்கணக்கு.) உங்கள் சித்தப்பாவுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. இரவில் மடை திருப்புகிறவரிடம் போய் பாம்பின் உரிமையைப் பேச எனக்கும் வாய் வராது.

மற்ற பாதிக்கு வருகிறேன். பாம்பிடம் கருணை காட்டுவது அமெரிக்கர்களின் குணம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் நடந்தது மிகவும் புதிய வழக்கம்.

அந்த நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் ராட்டில்ஸ்நேக்கை, அதாவது கிலுகிலுப்பைப் பாம்பைக் கொன்று கொண்டுவந்தால் அரசாங்கமே காசு கொடுத்தது. வெர்மான்ட்டிலும் நியூயார்க்கிலும் அது 1970களின் தொடக்கம் வரை நடந்தது. குளிர்காலத்தில் இந்தப் பாம்புகள் ஒரே பாறை இடுக்கில் கூட்டமாக அடங்கும், வருடா வருடம் அதே இடுக்குக்குத் திரும்பி வரும். இடம் தெரிந்தவனுக்கு வேட்டை சுலபம், வாசலில் காத்திருந்தால் போதும். மெய்ன், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் இன்று ஒரு கிலுகிலுப்பைப் பாம்புகூட இல்லை. கனடாவின் ஒன்டாரியோவிலும் இந்த வடகிழக்கு இனம் (டிம்பர் ராட்டில்ஸ்நேக்) அழிந்துவிட்டது.

டெக்சஸில் ஸ்வீட்வாட்டர் என்று ஓர் ஊர். பெயரைப் பாருங்கள்! 1958 முதல் ஒவ்வொரு மார்ச்சிலும் அங்கே கிலுகிலுப்பைப் பாம்புத் திருவிழா நடக்கிறது. மாடுகளைக் கடிக்கிறது, பாம்பைக் குறைக்க வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் தொடங்கியது. இப்போது ஊருக்கே வருமானம். வளைக்குள் பெட்ரோல் ஆவியைச் செலுத்தி, மூச்சு முட்டி வெளியே வருவதைப் பிடிப்பார்கள். மைதானத்தில் குழி கட்டி ஆயிரக்கணக்கில் கொட்டுவார்கள். தலையை வெட்டி, தோலை உரித்து, கறியை மாவில் புரட்டிப் பொரித்து விற்பார்கள். ஒரு அழகிப் போட்டியும் உண்டு. பட்டம் வென்ற பெண்ணும் குழிக்குள் இறங்கித் தோலுரிக்க வேண்டும். பிள்ளைகள் பாம்பு ரத்தத்தில் கையை முக்கிச் சுவரில் அச்சு வைத்துப் பக்கத்தில் பெயர் எழுதிவிட்டுப் போகும். உங்கள் ஊரில் பாம்பை அடிப்பவர்கள் பயத்தில் அடிக்கிறார்கள். செத்த பாம்பைப் புதைத்து, சிலர் காசும் போட்டு, பாலும் ஊற்றிவிட்டு வருவார்கள். பயந்தவன் அடித்தால் எனக்குப் புரிகிறது. ஸ்வீட்வாட்டரில் யாரும் பயந்த மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஜார்ஜியா மாநிலத்தில் இப்படிப்பட்ட விழா நடத்திக்கொண்டிருந்த இரண்டு ஊர்கள் மனம் மாறின. கிளாக்ஸ்டன் 2012இல், விகம் 2022இல். இப்போதும் விழா உண்டு, கூட்டம் உண்டு, கொலை மட்டும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் இதே பாம்பு அந்த நாட்டின் பழைய கொடி ஒன்றிலும் இருக்கிறது. 1751இல் பிரிட்டன் தன் நாட்டுக் கைதிகளைக் கப்பலேற்றி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, பதில் மரியாதையாக நாம் கிலுகிலுப்பைப் பாம்புகளை அனுப்பி வைப்போம் என்று பத்திரிகையில் நக்கலாக எழுதினார் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1775இல் சுதந்திரப் போர் தொடங்கியதும் மஞ்சள் கொடியில் அந்தப் பாம்பு ஏறி உட்கார்ந்தது. கீழே "என்னை மிதிக்காதே" என்ற வாசகம். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த ஒரு கட்டுரை, ஃபிராங்க்ளின் எழுதியதாகத்தான் பலரும் கருதுகிறார்கள், இந்தப் பாம்பு தானாகச் சண்டையைத் தொடங்காது, தொடங்கினால் பணியாது, எச்சரிக்காமல் கடிக்காது, ஆகவே இதுவே அமெரிக்காவுக்கு ஏற்ற சின்னம் என்று வாதாடியது. அரிசோனாவில் பிக்அப் வண்டிகளின் பின்னால் அந்த மஞ்சள் ஸ்டிக்கரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே வண்டியின் பின்புறம் ஒரு மண்வெட்டியும் கிடக்கும்.

படித்தவர்கள் மட்டும் தெளிவாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. மாசசூசெட்ஸில் மொத்தமே 200 கிலுகிலுப்பைப் பாம்புகள் அளவில்தான் மிச்சம். அவற்றைக் காப்பாற்ற, குவாபின் நீர்த்தேக்கத்தின் நடுவில் மக்கள் கால் வைக்காத ஒரு தீவில் கொஞ்சம் பாம்புகளை விட அரசு திட்டமிட்டது. ஊர் கொந்தளித்தது. நீந்திக் கரைக்கு வந்துவிடும் என்றார்கள், நடைபாதையை மூடிவிடுவார்கள் என்றார்கள். 2017இல் திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கும் மாநிலம் அது.

சரி, பாம்புக்கு வருவோம். உங்கள் கராஜில் கிடந்தது பெரும்பாலும் டைமண்ட்பேக் என்ற கிலுகிலுப்பை இனமாக இருக்கும், ஃபீனிக்ஸ் பக்கம் அதுதான் அதிகம். கண்ணாடி விரியனுக்குத் தூரத்துப் பங்காளி, குழிவிரியன் கூட்டத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் குழியால் உடல் சூட்டை உணரும், கும்மிருட்டிலும் எலியின் இடம் அதற்குத் தெரியும். ஒரு கேள்வி. அது சத்தம் போட்டதா? உங்கள் கடிதத்தில் கிலுகிலுப்பு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நான் ஒருமுறை டூசான் அருகே நண்பர்களோடு நடந்தபோது பாதையோரப் புதரடியில் ஒன்றைப் பார்த்தேன். முன்னால் போன மூன்று பேர் அதைக் கவனிக்காமலே கடந்திருந்தார்கள். அது வாலை அசைக்கக்கூட இல்லை. சினிமாவில் வருவதைப் போல ஆளைக் கண்டதும் ஒலியெழுப்புகிற பிராணி இல்லை அது. மண்ணோடு மண்ணாகக் கிடந்து உங்களைப் போகவிடுவதுதான் அதன் முதல் வேலை. வாலை ஆட்டினால் இருக்கும் இடம் தெரிந்துவிடுமே. மனிதர்கள் சத்தமிடுபவற்றைத் தேடிக் கொன்றதால் சத்தமிடாத பாம்புகள் பெருகிவிட்டன என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை.

வேறு வழியில்லாதபோது ஆட்டும். அந்தக் கிலுகிலுப்பை நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆன வளையங்கள், உள்ளே மணி எதுவும் கிடையாது. ஒன்றோடொன்று உரசித்தான் அந்தச் சத்தம். தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் கூடும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைகூட உரிக்கும், நுனி வளையங்கள் உடைந்தும் போகும். ஆகவே வளையத்தை எண்ணி வயது சொல்கிறவரை நம்ப வேண்டாம். 2021இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நாம் நெருங்க நெருங்க ஆட்டும் வேகம் படிப்படியாகக் கூடி விநாடிக்கு 40 முறை வரை போகிறது. பிறகு திடீரென்று ஒரே தாவில் 60க்கு மேல் எகிறிவிடுகிறது. கேட்பவருக்குப் பாம்பு காலடியிலேயே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது இன்னும் தள்ளித்தான் இருக்கும். நம் காதை ஏமாற்றி நம்மை நிறுத்துகிறது. இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? கடிக்காமல் தப்பிக்கத்தான். விஷம் அதற்குச் சாப்பாட்டுச் செலவு, நம்மேல் வீணாக்கினால் நஷ்டம்.

இன்னொன்று. வடகிழக்குக் காடுகளில் இருக்கும் இனத்தில் பெண் பாம்பு முதல் குட்டி போடவே ஏழெட்டு வருடமாவது ஆகிறது. அதற்கப்புறமும் மூன்று நான்கு வருடங்களுக்கு ஒருமுறைதான். முட்டையிடாது, குட்டிதான். உங்கள் டைமண்ட்பேக் இவ்வளவு நிதானம் இல்லை, சீக்கிரம் வளர்ந்துவிடும். அரிசோனாவின் மலைப்பகுதியில் கருப்பு கிலுகிலுப்பைப் பாம்பு என்று ஓர் இனம் உண்டு. அதில் தாய்கள் குட்டிகளின் முதல் தோல் உரியும்வரை கூடவே கிடக்கும். அடுத்தவளின் குட்டிகள் நடுவிலும் கிடந்து காவல் காக்கும். கொலராடோவில் ஒரு பாறை இடுக்குக்கு நேராகக் கேமரா வைத்து நேரலையாகக் காட்டுகிறார்கள். அதைப் பார்க்கிறவர்கள் பேரக்குழந்தைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி குட்டிகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கூச்சம். கொஞ்சுவதற்கு அது நாய்க்குட்டி இல்லை. ஆனால் பெட்ரோல் ஊற்றுவதற்கு இது எவ்வளவோ மேல்.

உங்கள் எதிர்வீட்டு அம்மையாரின் வாதத்தை நானும் ஏற்கவில்லை. முன்னால் வந்தவருக்கே இடம் என்றால் அந்த அம்மையாரும் கிளம்ப வேண்டியிருக்கும், நீங்களும் கிளம்ப வேண்டியிருக்கும். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த மண்ணில் கால்வாய் வெட்டி விவசாயம் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர் செய்த காரியத்தில் எனக்குத் தெரிகிற நியாயம் எளிமையானது. அமெரிக்காவில் கடிபடுகிறவர்களில் கணிசமானவர்கள் பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போனவர்கள். கையில்தான் கடி. நீங்கள் மண்வெட்டியோடு நெருங்கிய அந்த நிமிடம்தான் அன்றைக்கு உங்களுக்கு இருந்த ஒரே ஆபத்து. அவர் காப்பாற்றியது பாம்பை மட்டும் இல்லை.

பக்கத்திலேயே விட்டதற்கும் காரணம் உண்டு. தெரியாத இடத்தில் தொலைவாகக் கொண்டுபோய் விட்டால் ஒதுங்க இடமும் இரையும் தேடி அலைந்தே அது பல நேரம் செத்துப்போகும். பிடிப்பவர்கள் அதனால்தான் தூரம் போவதில்லை.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருகிறவர்கள் நம் இருளர்கள். 1978இல் தொடங்கிய அவர்களின் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்கு வெளியே வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து, மண்பானைகளில் வைத்து, சில வாரங்கள் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் விஷமுறி மருந்துக்கு அதுதான் முக்கியமான மூலப்பொருள். 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளர்களிடம் பாம்புமேல் பக்தி இருக்கிறதா, வெறுப்பு இருக்கிறதா என்று கேட்டால் கேள்வியே அவர்களுக்கு விசித்திரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கே படுத்திருக்கும், எப்போது வெளியே வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவருக்கு இந்த இரண்டும் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அம்மாவின் விஷயம். கொழுந்தனைப் பறிகொடுத்தவர் எப்படிப் பால் வைக்கிறேன் என்கிறார் என்று ஆச்சரியப்படுகிறீர்கள். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. நம் ஊரில் புற்றுக்கு மஞ்சள் பூசுகிற வீட்டில்தான் கதவு மூலையில் கம்பும் சாத்தியிருக்கும். கொடியில் பாம்பும் வண்டியில் மண்வெட்டியும் வைத்திருப்பவர் அம்மாவுக்குச் சொந்தக்காரர்தான், பாஷைதான் வேறு.

ஜூலையில் அங்கே மான்சூன் காலம். வெயில் தாழ்ந்த பிறகும் இரவிலும் பாம்புகள் நடமாடும். அம்மா வழக்கம்போல் வெறுங்காலோடு வாசலுக்குப் போகக் கூடாது. செருப்பும் டார்ச்சும் கட்டாயம். பூந்தொட்டிக்கு அடியிலோ கல்லிடுக்கிலோ கையை விடக் கூடாது. கராஜ் கதவின் அடியில் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை போட்டு அடையுங்கள், எலி வராவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு உடனே 911. அந்தப் பாம்பு பிடிப்பவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு பால் குடிக்காது. மழை பெய்தால் டைமண்ட்பேக் உடலைத் தட்டையாக்கிச் சுருண்டு, தன் முதுகில் தேங்குகிற நீரையே குடித்துக்கொள்ளும். இதைச் சொன்னாலும் அம்மா கேட்க மாட்டார், வைக்கத்தான் செய்வார். வைக்கட்டும், எதிர்வீட்டுப் பூனை குடித்துவிட்டுப் போகும். காலையில் கிண்ணத்தை எடுக்க மட்டும் நீங்கள் போங்கள், அவரை அனுப்பாதீர்கள்.