தொடக்கப் பாடலில் சபை வாய் திறக்க

கேள்வி: எங்கள் ஆலயத்தில் ஆங்கில ஆராதனை முடிந்த அரை மணி நேரத்தில் தமிழ் ஆராதனை தொடங்கும். பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு இந்த ஆண்டு எனக்கு வந்திருக்கிறது. தொடக்கப் பாடலைக் குழு மட்டுமே பாடுகிறது. சபையார் திரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். பெரியவர்கள் பாமாலையும் (மேற்கத்திய மெட்டுப் பாடல்கள்) கீர்த்தனையும் (நம் ராக, தாளப் பாடல்கள்) வேண்டும் என்கிறார்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்து நோட்டுதான் தெரியும். எந்தப் பாடல்களை வைத்துத் தொடங்கலாம்? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்:

சகோதரி, சபை பாடவில்லை என்றதும் பக்தி குறைந்துவிட்டது என்று எண்ணி மனம் நோகாதீர்கள். முதலில் சுருதியைப் பாருங்கள். உங்கள் குழு பயிற்சி செய்து, தொண்டை திறந்து நிற்கிறது. சபையோ இப்போதுதான் ரயிலிலிருந்து இறங்கி, பிள்ளைகளை உட்கார வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலுக்கு எட்டும் உயரம் வேறு. தொடக்கப் பாடலின் உச்ச ஸ்வரம், ஆங்கில நோட்டுக் கணக்கில், மேல் ‘டி’யைத் தாண்டக் கூடாது, ‘சி’யோடு நின்றால் இன்னும் நல்லது. ஆராதனையின் நடுவில் வரும் பாட்டுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். தொடக்கத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

இந்த அளவுகோலுக்கு அச்சாகப் பொருந்துவது ‘பூலோகத்தாரே யாவரும்’. 100ஆம் சங்கீதத்தின் பாட்டு. “அவர் வாசல்களில் துதியோடும்” வரச் சொல்லும் சங்கீதம் அது. வாசலில் நிற்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எது? இதை ஆங்கிலத்தில் பாட்டாக்கியவர் வில்லியம் கெத்தி, 1561இல் வெளிவந்தது. மெட்டு அதற்கும் மூத்தது. 1551இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் 134ஆம் சங்கீதத்துக்காக வந்தது. லூயி பூர்ஷ்வா அமைத்தது என்பார்கள். பின்னால் நூறாம் சங்கீதத்தோடு ஒட்டிக்கொண்டதால் ‘ஓல்டு ஹண்ட்ரட்த்’ என்று பெயராயிற்று.

அதே 1551இல் பூர்ஷ்வா சிறைக்குப் போனார். சபைக்குப் பழகிப்போன சங்கீத மெட்டுகள் சிலவற்றை அனுமதி பெறாமல் மாற்றிவிட்டார் என்பது குற்றம். ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின் தலையிட்ட பிறகே வெளியே விட்டார்கள். ‘பழைய ராகத்தை ஏன் மாற்றினீர்கள்?’ என்று உங்கள் சபைப் பெரியவர்கள் கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்குப் பழகிய மெட்டு ஒரு சபையின் சொத்து. அதை மாற்றுவதானால் சொல்லிவிட்டு, கற்றுக்கொடுத்துவிட்டு மாற்ற வேண்டும்.

‘ஓல்டு ஹண்ட்ரட்த்’ மெட்டை ‘ஜி’ சுருதியில் வாசித்தால் கீழ் ‘டி’யிலிருந்து மேல் ‘டி’ வரை, சரியாக ஒரு ஸ்தாயி. முதல் வரியிலேயே அடி ஸ்வரத்துக்கு இறங்கும். நாலாவது வரி உச்சியில் தொடங்கும். ‘எஃப்’புக்கு இறக்கினால் எழுபது வயது அம்மாவும் நாலாவது வரியை விடாமல் பாடுவார். அதற்கும் கீழே போகாதீர்கள், முதல் வரி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். முன்னிசையாகக் கடைசி வரியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். உச்ச ஸ்வரம் எது, வேகம் என்ன என்பது இரண்டும் சபைக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

சொற்களும் மெட்டில் சரியாக உட்காருகின்றன. பூ-லோ-கத்-தா-ரே யா-வ-ரும்: எட்டு. கர்த்-தா-வில் க-ளி-கூ-ருங்-கள்: எட்டு. (நேரசை, நிரையசைக் கணக்கைச் சொல்லவில்லை, ஒரு ஸ்வரத்துக்கு ஒரு ஒலி என்ற கணக்கு.) ஆங்கில வரிகளும் எட்டெட்டுதான். அதனால் ஆங்கிலச் சபையோடு கூட்டு ஆராதனை நடக்கும் நாளில் அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் பாடலாம். ஒரே கூரையின் கீழ் பல மொழிச் சபைகள் கூடும் நம் ஊரில் இது சிறிய பாக்கியம் அல்ல.

இரண்டாவதாக ‘தூய தூய தூயா, சர்வ வல்ல நாதா’. இதில்தான் உங்கள் தம்பி தடுமாறுவார். முதல் வரி ஆங்கிலத்தில் பதினோரு ஒலி, தமிழில் பன்னிரண்டு. ‘சர்வ’ என்ற இரண்டு ஒலிகளுக்கு ஆங்கிலத்தில் நீளும் ஒரே ஸ்வரம்தான் இருக்கிறது. அவர் அதை நீட்டிப் பிடித்தால் சபை அங்கே தயங்கும். அந்த ஸ்வரத்தை இரண்டு முறை தட்டச் சொல்லுங்கள். மற்ற சரணங்களிலும் இப்படிப்பட்ட இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

பாட்டை எழுதிய ரெஜினால்ட் ஹீபர் கல்கத்தாவின் பேராயர். 1826இல் தஞ்சாவூரில் ஈஸ்டர் ஆராதனை நடத்திவிட்டுத் திருச்சிராப்பள்ளிக்கு வந்தவர், ஏப்ரல் 3 காலையில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராக்கும் சடங்கு) கொடுத்தார். பிறகு குளிக்க இறங்கிய தொட்டியிலேயே உயிர் பிரிந்தது. கல்லறை அங்கே தூய யோவான் ஆலயத்தில் இருக்கிறது. நாம் இன்று பாடும் மெட்டை அவர் கேட்டதே இல்லை. அது 35 ஆண்டு கழித்து, 1861இல், இங்கிலாந்தின் டர்ஹம் நகரில் இருந்த ஜான் பாக்கஸ் டைக்ஸ் அமைத்தது. பாட்டின் பொருளான திரித்துவ விசுவாசத்தை (பிதா, குமாரன், ஆவியானவர் ஒரே தேவன் என்பது) அறிக்கையிட்ட 325ஆம் ஆண்டு நைசியா திருச்சபைச் சங்கத்தின் பெயரையே மெட்டுக்கு வைத்தார். மூன்று ‘தூய’வும் ச, க, ப என்று படிப்படியாக ஏறுவதைக் கவனியுங்கள். இதைச் சபைக்கு ஒரே ஒருமுறை சொல்லிப் பாடவைத்துப் பாருங்கள், குரல் தானாக நிமிரும். ‘ஈ’யில் வாசிக்க வேண்டாம், ‘டி’யில் வாசியுங்கள்.

கீர்த்தனையில் என் தேர்வு ‘சருவ லோகாதிபா, நமஸ்காரம்’. பிதாவுக்கு, குமாரனுக்கு, ஆவியானவருக்கு என்று வரிசையாக வணக்கம் சொல்லும் பாட்டு. தமிழ் வேகமாக வாசிக்க வராத பிள்ளைகள்கூட ‘நமஸ்காரம்’ வரும் இடத்தில் சேர்ந்துகொள்வார்கள். திரையில் தமிழோடு ரோமன் எழுத்திலும் வரிகளைப் போடுங்கள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். கீர்த்தனைக்கு ஒவ்வொரு தட்டுக்கும் கார்டு (சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற்ற வேண்டியதில்லை. தம்பி ‘ச’வும் ‘ப’வும் பிடித்துக்கொண்டிருக்கட்டும், ஒருவர் தாளம் போடட்டும். குழு ஒரு வரி பாட, சபை அதைத் திருப்பிப் பாடட்டும்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) ‘ஏசுவையே துதிசெய், நீ மனமே’ எனக்கு உயிரான பாட்டு. ஆனாலும் அதை முதலில் வைக்க மாட்டேன். அது ஒருவர் தன் மனத்தோடு பேசுவது. தொடக்கத்தில் நாம் ஒருவரையொருவர் அழைக்கிறோம், அல்லது எல்லாரும் சேர்ந்து ஆண்டவரைப் பார்த்துப் பேசுகிறோம். சாஸ்திரியாரின் பாட்டு பிரசங்கத்துக்குப் பிறகு வந்தால் நெஞ்சில் இறங்கும்.

நேரலை செய்கிறீர்களா? சிங்கப்பூரில் பதிப்புரிமை பொதுவாக ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை. ஹீபர், டைக்ஸ் பற்றிக் கவலை இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பு யாருடையது என்பதைத் தனியாகப் பாருங்கள். புதிய பாடல்களுக்கு அனுமதி கேளுங்கள்.

வாரம் ஒரு பாட்டு வேண்டாம். ‘பூலோகத்தாரே’ பாட்டை நான்கு ஞாயிறு தொடர்ந்து வையுங்கள். மூன்றாவது வாரம் குழுவை முன்னால் நிறுத்தாமல் சபை நடுவே பிரித்து உட்கார வையுங்கள். நீங்கள் கடைசி வரிசைக்குப் போய் நின்று கேளுங்கள். நாலாவது வரி அங்கே உங்கள் காதில் விழுந்தால் அடுத்த மாதம் ‘தூய தூய தூயா’. விழாவிட்டால் அதே பாட்டை மறுபடி பாடுங்கள்.