மாடியில பலகையக் கழட்டியாச்சு, அடுத்து என்ன?

கேள்வி: அண்ணே வணக்கம். தெற்கு மாசி வீதி பக்கம் எங்க மாமனார் காலத்து வீடு, மாடி ரூம் 10க்கு 12 அடி, தரை பூரா மரப்பலகை. நடந்தா லொடலொடன்னு ஆடுதுன்னு எல்லாத்தையும் கழட்டிட்டோம், இப்ப சட்டம் மட்டுந்தான் நிக்குது. கொத்தனார் தகரத்தப் போட்டு 2 இஞ்ச் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிரலாங்கிறார், வீட்டுக்காரர் ப்ளைவுட் போதும்ங்கிறார். எது சரிண்ணே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கான்கிரீட் வேணவே வேணாம்மா. அந்த ரூமுக்கு 2 இஞ்ச் போட்டா 1,300 கிலோவுக்கு மேல வரும், டைல்ஸ் தனி. பலகையும் ஆளும் தாங்கத்தான் அந்தச் சட்டத்தப் போட்ருக்காங்க. மரம் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், டைல்ஸ் குடுக்காது, விரிஞ்சுரும்.

ப்ளைவுட்டும் நாளைக்கே வாங்கிராதீங்க. சட்டம் சுவத்துக்குள்ள போற நுனியப் பாருங்க, அதுதான் முக்கியம். மேலூர்ல எங்க பெரியப்பா வீட்ல சட்டம் பாக்க வேங்கை மாதிரி கிண்ணுன்னு இருந்துச்சு, சுவரு ஓரமா ஸ்க்ரூ டிரைவர வச்சு அமுக்குனா கைப்பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு, உள்ள பூரா மாவு. மொட்டமாடித் தண்ணி சுவர் வழியா இறங்கி நுனி உளுத்துப்போச்சு, அந்த ஈரத்துக்குக் கரையானும் வந்துருச்சு. அதனால ஒவ்வொரு நுனியாக் குத்திப் பாருங்க, குறுக்க பலகை போட்டு நின்னுக்கிட்டுப் பாருங்க, வெறும் சட்டத்துல கால் வைக்காதீங்க. உளுத்த சட்டத்துக்கு ஆசாரிய விட்டு, அதே உயரத்துக்குப் புதுச் சட்டத்தப் பக்கத்துலயே சேத்து போல்ட் போடச் சொல்லுங்க, அதோட நுனியும் சுவத்துல உக்காரணும். நுனியச் சுத்தி சிமெண்ட்ட வச்சு அடைச்சுராதீங்க, காத்து போகணும். ஈரம் வர்ற வழிய அடைச்சு, காஞ்சப்புறம் கரையான் மருந்து அடிங்க.

அப்புறம் நூல் பிடிச்சு, ரசமட்டம் வச்சு, பள்ளமா இருக்குற சட்டத்து மேல பட்டை அடிச்சு சமமாக்கிட்டு ப்ளைவுட் போடுங்க. ஐஎஸ் 710 முத்திரை உள்ள 18 எம்எம் (தண்ணி தாங்குற மரைன் ப்ளைவுட்டுக்கான முத்திரை அது), நீளவாட்டம் சட்டத்துக்குக் குறுக்க வரணும், ரெண்டு ஷீட் சேர்ற இடம் சட்டத்து நடுவுலதான் விழணும், ஷீட்டுக்கு ஷீட் 3 எம்எம், சுவரோரம் அரை இஞ்ச் இடைவெளி விடுங்க. ஆணி வேணாம், நாள்பட லூசாகி அந்த லொடலொட திரும்ப வந்துரும். 2 இஞ்ச் ஸ்க்ரூ, ஓரத்துல 6 இஞ்சுக்கு ஒண்ணு, நடுவுல அடிக்கு ஒண்ணு. சட்டத்துக்குச் சட்டம் ஒன்றரை அடிக்கு மேல இருந்தா 18 எம்எம் பத்தாது, நடுவுல இன்னொரு சட்டம் குடுங்க.

கழட்டுன பலகைய விறகுக்கடைக்குக் குடுத்துராதீங்கம்மா. நல்லதாப் பொறுக்கி இழைச்சு அந்த ப்ளைவுட் மேலயே திரும்பப் போடலாம்.