பிளேமேக்கரை எதை வைத்து எடைபோடுவது? ஓசில் உண்மையிலேயே சோம்பேறியா?

தொழில்முறைக் கால்பந்தில் ஆட்டத்தை உருவாக்கும் நடுக்கள வீரரின் பலத்தையும் பலவீனத்தையும் எப்படி மதிப்பிடுவது என்றும், இங்கிலாந்தின் ஆர்சனல் அணியில் ஆடிய மெசுத் ஓசிலைச் சிலர் மேதை என்றும் சிலர் சோம்பேறி என்றும் சொல்வதில் எது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. ஓசில் 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டார், வ.உ.சி. மைதானத்துப் படிகளில் அவரைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பந்து காலுக்கு வருவதற்கு முந்தைய சில வினாடிகளையும், பந்து பறிபோன பின் வரும் சில வினாடிகளையும் பார்க்காமல் இப்படிப்பட்ட வீரரைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

பெரும்பாலோர் அசிஸ்ட் (கோலாக முடிந்த கடைசிப் பாஸ்) கணக்கில் தொடங்கி அதிலேயே முடித்துக்கொள்கிறார்கள். அதில் உள்ள சிக்கலுக்கு ஓசிலின் 2015-16 பருவமே சான்று. இங்கிலாந்தின் முதல்நிலை லீகான ப்ரீமியர் லீகில் அந்தப் பருவம் அவர் கொடுத்த அசிஸ்ட்கள் 19. அவற்றில் 16 டிசம்பர் முடிவதற்குள் வந்துவிட்டன. புத்தாண்டுக்குப் பிறகு மே வரை மூன்றே மூன்றுதான். இதை மட்டும் பார்ப்பவர், பாதிப் பருவத்தில் ஆள் அசந்துவிட்டார் என்றுதான் நினைப்பார். ஆனால் அவர் யாருக்குப் பந்து கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? ஆர்சனலின் முன்கள வீரர் ஒலிவியே ஜிரூ ஜனவரி நடுவில் லிவர்பூலுக்கு எதிராக இரண்டு கோல் அடித்ததோடு சரி. லீகில் அவருடைய அடுத்த கோல், மே 8 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகத்தான் வந்தது. அடிக்க வேண்டியவர் அடிக்காவிட்டால் கொடுத்தவரின் கணக்கிலும் ஒன்றும் ஏறாது. ஆகவே அசிஸ்ட்டைக் காட்டிலும் உருவாக்கிய கோல் வாய்ப்புகளின் எண்ணிக்கை நம்பத்தக்கது. அந்தப் பருவத்தில் ஓசிலுக்கு அது 146. அதிலும் கார்னர், ஃப்ரீ கிக் வழியாக வந்தவற்றைத் தனியாகப் பிரித்துவிடுவது நல்லது. நின்ற பந்தைத் துல்லியமாக அடிப்பது பெரிய திறமைதான், ஆனால் எதிரணி நெருக்கும்போது வழி கண்டுபிடிக்கும் திறமை வேறு.

இனி, பந்து வருவதற்கு முன்பு என்ன நடக்கிறது என்பது. தொலைக்காட்சி பந்தையே துரத்துவதால் இதை அதில் காண்பது கடினம். மைதானத்தில் மேல் படியில் உட்கார்ந்து, பந்தை மறந்துவிட்டு, அந்த ஒரு வீரரை மட்டும் பத்து நிமிடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். எங்கள் மைதானத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் உயரமாக அடித்த பந்து எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது, இறுகிய தரையில் அது கணுக்காலுக்கு மேலே குதிக்கும். அந்த நாட்களில் இரண்டு மாணவர்களை அருகருகே வைத்துக் கவனித்திருக்கிறேன். ஒருவன் வித்தைக்காரன், பந்தை உள்ளங்காலால் அடக்கி நிறுத்திய பிறகே தலையை நிமிர்த்துவான், அதற்குள் எதிரணியின் இரண்டு பேர் அவன் முன்னால் வந்து நிற்பார்கள். மற்றவன் பந்து தன்னை நோக்கிப் புறப்படும்போதே ஒரு முறை வலத்தோளுக்கு மேலாகவும் ஒரு முறை இடத்தோளுக்கு மேலாகவும் திரும்பிப் பார்த்துவிடுவான்; உடம்பைப் பாதி திருப்பி நின்று, பந்தை நிறுத்தாமல் தனக்குக் குறுக்கே ஓடவிட்டு, இரண்டாவது தொடுதலிலேயே முன்னால் அனுப்பிவிடுவான். கைதட்டு முதலாமவனுக்குத்தான் கிடைக்கும். அணியில் நான் எடுப்பது இரண்டாமவனை.

ஓசிலின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான் இருந்தது. எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையே யாரும் காவல் காக்காத துண்டு நிலத்தைத் தேடி மெதுவாக நகர்ந்துகொண்டேயிருப்பார். வேகமாக ஓடாமல் அந்த நேரத்துக்கு அங்கே போய் நிற்பதால், பார்ப்பவர்களுக்கு அது நடை போலத் தோன்றும். அவர் தோள்கள் தொங்கியிருப்பதைச் சோம்பல் என்று எழுதியவர்கள், அவர் நிற்கும் இடத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

பலவீனம் என்று வரும்போது, பாஸ் துல்லிய விழுக்காட்டை எடுத்துக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் ப்ரூனோ ஃபெர்னாண்டஸ் போன்ற ஒருவர் துணிந்து கடினமான பாஸ்களை முயல்வதால் விழுக்காடு இறங்கத்தான் செய்யும். பத்தில் ஒன்று பலித்தாலும் கோல் வாய்ப்பு கிடைக்குமென்றால், எதிரணியின் பெனால்ட்டி பெட்டியின் ஓரத்தில் தவறும் மற்ற ஒன்பதை மன்னிக்கலாம். அதே பாஸ், இரண்டு விங் டிஃபெண்டர்களும் முன்னேறியிருக்கும்போது மைதானத்தின் நடுவில் தவறினால், எதிரணிக்கு நேராகக் கோல் வரை பாதை திறந்துவிடும். எனவே எத்தனை பந்துகளை இழந்தார் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எந்த இடத்தில், எந்த நிலையில் இழந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே காலை நம்புகிறவரா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். ஓசில் இடக்காலைப் பெரிதும் நம்பியவர், வலப்பக்கம் தள்ளி மறித்தால் அவரை ஓரளவு அடக்க முடிந்தது.

பந்து போன பின் வரும் வினாடிகளில்தான் ஓசில் மீதான குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பறிகொடுத்த பந்தை உடனே திரும்ப நெருக்கிப் பிடிக்கும் வேகமும் உடல் மோதலில் விருப்பமும் அவரிடம் குறைவு. ஆர்சனலில் ஆர்சன் வெங்கர் பயிற்சியாளராக இருந்த காலத்தில் மற்றவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். 2018-இல் உனாய் எமெரியும் 2019 டிசம்பரில் மிக்கேல் ஆர்டெட்டாவும் பயிற்சியாளர்களாக வந்து, முன்வரிசையில் இருப்பவர்களும் நெருக்க வேண்டும் என்றபோது அவர் இடம் சுருங்கியது. 2020 அக்டோபரில் லீகுக்கான ஆர்சனல் வீரர் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. அதற்கு ஆட்டம் மட்டுமே காரணமா என்ற சர்ச்சை தனி. ஆனால் அதே கால்கள் பயிற்சியாளர் மாறியதும் மதிப்பிழந்தன என்பது கண்கூடு.

எதிர்த்திசையிலும் இது நடக்கும், நம் மாநிலத்திலேயே நடந்தது. 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தில் பயிற்சியாளர் ஜான் கிரகரியின் கீழ் சென்னையின் எஃப்.சி. தடுமாறியபோது, அந்த அணியின் பிளேமேக்கரான பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோவைப் பற்றிப் பேச ஆளில்லை. டிசம்பரில் ஓவன் காயில் புதிய பயிற்சியாளராக வந்தார். முன்கள வீரர்களான வால்ஸ்கிஸும் சாங்தேயும் முன்னால் ஓட, பின்னாலிருந்து கிரிவெல்லாரோவின் இடக்கால் பாஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அணி இறுதிப்போட்டி வரை போய், 2020 மார்ச் 14 அன்று கோவாவில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. ஓடுகிற ஆள் இல்லாமல் பாஸ் கொடுப்பவரைக் குறை சொல்வதில் பயனில்லை.

நீங்கள் ஒரு வீரரைப் பார்த்து அறிக்கை எழுதுவதாக இருந்தால், குறைந்தது இரண்டு ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று அவர் அணி பந்தை அதிகம் வைத்திருந்ததாக இருக்கட்டும். மற்றது, எதிரணி ஓர் ஆளை அவர் மீதே ஒட்டவைத்ததாக இருக்கட்டும். அந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் கோபப்பட்டுப் பின்னால் இறங்கித் தன் தடுப்பாளர்களிடமே பந்து வாங்குகிறாரா, அல்லது ஓரத்துக்கு நகர்ந்து, காவலாளியையும் இழுத்துக்கொண்டு போய், நடுவில் வேறொருவருக்கு இடம் உண்டாக்குகிறாரா என்பதை முதலில் எழுதுங்கள்.