சித்திரை வெயிலில் தோட்டா வெடிக்குமா?

கேள்வி: பூநகரியில் வயல் இருக்கிறது. பன்றித் தொல்லைக்காக அனுமதிப்பத்திரத்துடன் 12 போர் துவக்கு வைத்திருக்கிறேன். கனடாவில் உள்ள மச்சான் தன் தோட்டாக்களைத் தானே அடைப்பவர். குளிரில் வேகம் குறையும், வெயிலில் அமுக்கம் ஏறும் என்கிறார். சித்திரை வெயிலில் சுடுவது ஆபத்தா? பழைய கோதுகளை நிரப்பித் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?
- சாவகச்சேரி வாசகர்

பதில்: மச்சான் சொல்வது சரி, ஆனால் அது அவருடைய ஊர்க் கவலை. புகையற்ற வெடிமருந்து சூடேறினால் வேகமாக எரியும். சில மருந்து வகைகளில் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் ரைபிள் குண்டின் வேகம் செக்கனுக்கு ஓரிரண்டு அடி கூடும். ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் உச்ச அளவு மருந்து அடைத்துச் சரிபார்த்தவர், அதையே 30 பாகை வெயிலில் சுட்டால் அமுக்கம் ஏறி, ரைபிளின் பின்பக்கத்தைப் பூட்டும் போல்ட் இறுகும், தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமர் தட்டையாகும். யாழ்ப்பாணத்தில் மார்கழி மத்தியானத்துக்கும் சித்திரை மத்தியானத்துக்கும் வித்தியாசம் சில பாகைதான். தொழிற்சாலையில் அடைத்த சொட்கன் தோட்டாவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சுடுகிற நேரத்து வெயிலை விடுங்கள். அந்தத் தோட்டா இத்தனை வருடம் எங்கே கிடந்தது? கேட்ட அளவு கிடைக்காது என்பதால் நம் ஆட்கள் கிடைத்ததைப் பொன்போலப் பூட்டி வைப்பார்கள். அதுவும் தகரக் கூரைக்குக் கீழே, பரணில். நீண்டகாலச் சூட்டில் மருந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமும் உப்புக் காற்றும் பித்தளை அடியைப் பச்சை பிடிக்க வைக்கும். கடதாசிக் கோது ஊதி, துவக்குக்குள் போகாது. வீட்டின் நடு அறையில், பூட்டிய அலுமாரிக்குள், இறுக மூடிய பேணியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடவே வேண்டாம்.

“அப்படியென்றால் பிரிட்ஜில் வைக்கலாமே” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காற்றுப் புகாத பேணியில் வைத்து, வெளியே எடுத்த பின் பேணி அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் இருக்கப் பொறுமை உள்ளவருக்குச் சரி. பன்றி வந்த சத்தம் கேட்டு ஓடுகிறவருக்கு அந்தப் பொறுமை எங்கே? குளிர்ந்த தோட்டாவை நம் ஊர்க் காற்றில் எடுத்த உடனே மேலெல்லாம் வியர்க்கும், அந்த நீர் பிரைமர் ஓரத்தில் தங்கும். மின்சாரம் போய் வந்தாலும் இதே கதை. பிள்ளைகள் திறக்கும் பெட்டி என்பது இன்னொன்று. வேண்டாம்.

நிரப்பித் தருகிற ஆள் விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் தராசு வைத்து, அட்டவணை பார்த்து, அந்நாட்டுச் சட்டப்படி அடைக்கிறார். இங்கே நிரப்புகிறவனுக்கு உள்ளே போவது என்ன மருந்து என்றே தெரியாது. புகை கக்கும் பழைய கரிமருந்தை அளக்கிற கரண்டியால் புகையற்ற மருந்தை அளந்தால் குழல் வெடிக்கும், கை போகும். பிடிபட்டால் வழக்கு உங்கள் மேலும்தான். பெரும்பாலும் அதே ஆள்தான் “அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க கச்சேரியில் ஆள் இருக்கு” என்றும் சொல்வான். வருடா வருடம் செய்கிற வேலைக்கு கிராம சேவையாளர், பொலிஸ், பிரதேச செயலகம் என்று மனிசரை அலைய விட்டால் தரகன் முளைக்காமல் என்ன செய்வான்? அலைச்சல்தான், ஆனாலும் நீங்களே போங்கள். காசு கொடுத்துவிட்டு டிசம்பர் 31 தாண்டியும் துண்டு வராமல் நிற்பவர்கள் உண்டு.

கையில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். பச்சை பிடித்தது, வீங்கியது, வாய் மடிப்பு விரிந்தது, புளித்த நெடி அடிப்பது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம், பொலிஸில் கேட்டு ஒப்படையுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆபத்தில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள். “புசுக்” என்று மெலிந்த சத்தம் வந்தால் அடுத்ததைப் போடாதீர்கள். துவக்கைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, பின்பக்கத்தால் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையே வைக்கும் அடைப்பு குழலில் சிக்கியிருந்தால் அடுத்த வெடியில் குழல் பிளக்கும்.