வளர்ப்பு எலிக்கு எப்போ கருணைக்கொலை ஊசி போடணும்?

அண்ணாச்சி, ரெண்டரை வயசு எலி, அக்குளில் கட்டி, ரெண்டு நாளா தின்னல, மூக்கோரம் ரத்தம்னு எழுதியிருக்கீங்க. அது பெரும்பாலும் ரத்தமா இருக்காது. கண்ணுக்குப் பின்னால உள்ள சுரப்பி கசியுற சிவப்பு நீர். அதைத் துடைச்சுக்கக்கூட எலிக்குத் தெம்பில்லன்னா இழுத்தடிக்க வேண்டாம். அதோட ஆயுசே ரெண்டு மூணு வருசம்தான்.

திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போன் போட்டு, எலி பார்ப்பாங்களான்னு கேட்டுக்கோங்க. முதல்ல மயக்கம், பாதத்தைக் கிள்ளினாலும் இழுக்காத நிலை வந்த பிறகுதான் கடைசி ஊசி. முழிச்சிருக்கப்போ நெஞ்சில் குத்த விடவே கூடாது. மயக்கத்துக்கு முன்னால பட்டினி போடாதீங்க, எலிக்கு வாந்தி வராது.

கூட்டாளி எலி இருந்தா, அது செத்த எலியோட உடலை மோந்து பார்க்கட்டும், இல்லன்னா தேடிக்கிட்டே கிடக்கலாம். பருத்தித் துணியில் சுத்தி ரெண்டடி ஆழத்தில் புதைச்சு, மேல கல் வைங்க. கரிசல் மண் வெயிலுக்கு வெடிக்கும், நாய் தோண்டிரும். ஊசி மருந்து உடம்புலயே தங்குறதால தின்ன நாய்க்கும் ஆபத்து.